மோடத்துக்கு வச்ச பொட்டு

ஞாயித்துக்கெழமை சாயங்காலம்னாலே எனக்குப் புடிக்காது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். வெள்ளிக்கெழமை ராத்திரி மெட்ராசுல ரயில் ஏறி, விருத்தாசலம் ஜங்ஷன்ல வந்து எறங்குவேன். சனிக்கெழமை முழுக்க மனுஷியா இருப்பேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சா போதும், அத்தை, அதான் என் மாமியாரு, என் பேக்க எடுத்து வச்சிக்கிட்டு புளிசாதம், ஊறுகா, முறுக்குன்னு திணிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ராத்திரி என் வூட்டுக்காரரு பேக்க பைக்குல முன்னால வச்சி, என்னையப் பின்னால ஒக்கார வச்சி ஸ்டேஷன்ல கொண்டாந்து விடுவாரு. ரயிலு கெளம்புற வரைக்கும் ஜன்னல் கம்பிய புடிச்சிக்கிட்டு நிப்பாரு. பேச மாட்டாரு. "தண்ணி வாங்கியாரட்டா?"ன்னு மட்டும் கேப்பாரு. பேக்குல ஏற்கனவே தண்ணி பாட்டிலு இருக்குறது அவருக்கும் தெரியும்.

எனக்குக் கோவம் கோவமா வரும். நான் என்ன மிலிட்டரியிலயா இருக்கேன்? கம்ப்யூட்டரு பாக்குறேன். எங்க கம்பெனியோட சர்வரு மெட்ராசுல கூட கெடையாது. கிளவுடுன்னு சொல்லி, கண்காணாத ஏதோ ஒரு எடத்துல ஓடிக்கிட்டு இருக்குது. அத மெட்ராஸ் ஹாஸ்டல் கட்டில்ல ஒக்காந்து பாத்தா என்ன, விருத்தாசலத்துல புருஷன் வூட்டு மாடியில ஒக்காந்து பாத்தா என்ன? இதையே திருப்பித் திருப்பிக் கேட்டு மேடத்த நச்சரிச்சேன். மேடம்னா கம்பெனியில எனக்கு மேல இருக்கிறவங்க. கறாரான மனுஷி. அவங்க நடந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே எங்க ஆபீசுல கப்சிப்புன்னு ஆயிடும்.

அப்பேர்ப்பட்டவங்க போன ஆடி மாசம் எறங்கி வந்தாங்க. "சரி, தீபாவளி வரைக்கும் ஊர்லயே இருந்து பாரு. நடுவுல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உன்னால சர்வருக்குள்ள வர முடியாம வேல நின்னுச்சின்னா, மறுவாரமே பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துடணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது"ன்னாங்க. நான் "சரிங்க மேடம், சரிங்க மேடம்"னு பூன மாதிரி சொல்லி போன வச்சிட்டு, ஹாஸ்டல் மொட்டமாடிக்கு ஓடிப்போய் ஒரு ஆட்டம் போட்டேன் பாருங்க, துணி காயப்போட வந்த பொண்ணு பயந்து கீழ எறங்கிடுச்சி.

மேடம் இன்னொரு கண்டிஷனும் போட்டாங்க. கிளவுடு சர்வருக்கு வாசல்ல ஒரு காவல் உண்டு. ஃபயர்வால்னு பேரு. எந்த எடத்துல இருந்து வர்றவங்கள உள்ள விடலாம்னு அதுல விதி எழுதி வச்சிடலாம். "கண்ட எடத்துல இருந்தும் நீ உள்ள வரக் கூடாது, உங்க வூட்டு நெட்டுல இருந்து மட்டும்தான்"னு சொல்லி, எங்க வூட்டு மோடத்தோட ஐ.பி. நம்பர, அதாவது நெட்டுல எங்க வூட்டு விலாசத்த, கேட்டு வாங்கி, அந்த ஒரு நம்பருக்கும் ஆபீசுக்கும் மட்டும் கதவு தொறக்குற மாதிரி எழுதிட்டாங்க. அந்த விதிய மாத்துற அதிகாரம் மேடம் ஒருத்தருக்குத்தான். அதுவும் அவங்க லேப்டாப்புல இருந்துதான் மாத்த முடியும். எனக்கு அதப்பத்தி என்ன கவல? வூட்டுக்கு வர விட்டாங்களே, அது போதும்.

எங்க வூடு, பீங்கான் சாமான் செய்ற செராமிக் எஸ்டேட்டுல இருந்து கூப்புடுற தூரம். கீழ எங்க யூனிட்டு, மேல வூடு. அகல் வெளக்கும் பொம்மையும் செய்றோம். மண்ணக் கூழாக் கரைச்சி, பிளாஸ்டர் அச்சுல ஊத்தி, காய வச்சி, சூளையில வேக வச்சி எடுக்கணும். என் மாமனாரு தவறுனதுக்கப்புறம் அத்தைதான் அத்தனையும் கட்டி மேய்ச்சாங்க, இப்ப என் வூட்டுக்காரரும் கூட நிக்கிறாரு. அச்சு காய வைக்கிற ரூம ஒழிச்சி எனக்கு ஆபீசாக் குடுத்தாங்க. எத்தன தொடச்சாலும் மேசையில வெள்ளையா ஒரு பூச்சு பூத்துடும். லேப்டாப்ப மூட அத்தை தன்னோட பழைய பட்டு ஜாக்கெட்டு துணியில ஒரு உறை தச்சிக் குடுத்தாங்க. பச்சக் கலரு, மாம்பழ பார்டரு.

கீழ மண்ணு அரைக்கிற மில்லு சுத்துனா கடகடன்னு சத்தம் மாடி வரைக்கும் வரும். மொத வாரம் மீட்டிங்குல மேடம், "அங்க என்ன, மழையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, "ஆமாங்க மேடம், நல்ல மழ"ன்னுட்டேன். அடுத்த நாளும் மழ. அதுக்கடுத்த நாளும் மழ. "என்னம்மா உங்க ஊர்ல தெனம் நான் பேசும்போது மட்டும் மழ பெய்யுது?"ன்னு மேடம் கேட்டப்பதான் உண்மையச் சொன்னேன். சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சா, சிரிச்சாங்க.

அத்தைக்கு நான் பாக்குறது வேலன்னு புடிபட கொஞ்ச நாளாச்சி. காலையில இருந்து நான் ஸ்கிரீன மொறச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். கதவோரமா வந்து எட்டிப் பாப்பாங்க. "ஏம்மா, வேல எப்ப ஆரம்பிக்கும்?"

"வேலதான் அத்தை ஓடிக்கிட்டு இருக்குது."

"எங்க ஓடுது? நீ ஒக்காந்துல்ல இருக்கற."

ஆனா அவங்களும் தொழில் பண்றவங்க இல்லையா, சீக்கிரமே பழகிட்டாங்க. என் ரூம் கதவு சாத்தியிருந்தா கீழ பாத்து, "டேய், மில்ல நிறுத்துங்கடா, மேல புள்ள பேசிக்கிட்டு இருக்குது!"ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. அந்தச் சத்தம் மில்லு சத்தத்தவிட பெருசா மீட்டிங்குல கேக்கும். எனக்கு வெக்கமாவும் இருக்கும், சந்தோஷமாவும் இருக்கும்.

இப்படி ஆவணி, புரட்டாசி ஜம்முன்னு ஓடுச்சி. ஆயுத பூசை வந்துச்சி. அதுக்கு மறுநாள் விஜயதசமி அன்னிக்கி எனக்கு ஒரு பெரிய வேல. ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக நாங்க செஞ்ச சாஃப்ட்வேரோட புது வெர்ஷன நான் சர்வர்ல ஏத்தணும். பதினோரு மணிக்கு அவங்க பாக்குறாங்க. அவங்களுக்கு என்ன ஆயுத பூசை, என்ன விஜயதசமி? ஆபீசுக்கே லீவுன்னாலும் மேடம், "நல்ல நாளுதானே, காலையில ஆரம்பிச்சிடு"ன்னு சொல்லியிருந்தாங்க. ஏத்தி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். இது நல்லபடியா முடிஞ்சா நான் ஊர்லயே இருக்கலாம்னு மேடம் வாயில இருந்து வரவழச்சிடலாம்னு எனக்குள்ள ஒரு கணக்கு.

எங்க யூனிட்டுல ஆயுத பூசைன்னா சும்மா இல்ல. மில்லு, சூளை, மண்ணு சலிக்கிற சல்லடை, அச்சு, தராசு, மூட்ட தூக்குற வண்டி, எல்லாத்தையும் கழுவித் தொடச்சி, சந்தனம் கொழச்சி வச்சி, குங்குமம் வச்சி, வாழக்கன்னு கட்டி, பொரி கடல சுண்டல் படைச்சி, வாசல்ல பூசணிக்கா ஒடைப்போம். படைச்சதுக்கப்புறம் எதையும் தொடக் கூடாது. வருஷம் பூரா ஒழைச்ச சாமான், அன்னிக்கி ஒரு ராத்திரி படுத்துத் தூங்கட்டும்னு அத்தை சொல்லுவாங்க. மறுநாள் காலையில மறுபூசை போட்டுட்டுத்தான் சுச்சு போடுவாங்க. நான் அடுப்படியில சுண்டல் தாளிச்சிக்கிட்டு இருந்தேன். அத்தை சந்தனக் கிண்ணத்தோட மேலயும் கீழயுமா அலைஞ்சாங்க. என் லேப்டாப்பு மேல ஒரு பொட்டு விழுந்தத நான் பாத்தேன். அத அவங்க எடுத்துப்போய் தராசுக்குப் பக்கத்துல வச்சப்ப நான் கரண்டியோட வாசப்படிக்கே வந்துட்டேன். என் சாமானும் இந்த வூட்டுத் தொழில் சாமானோட வரிசையில நின்னுடுச்சே!

விஜயதசமி காலையில வெயிலு ஏறுறதுக்கு முன்னாடியே மறுபூசை ஆச்சி. நான் தல குளிச்சி, ஈரத் தலையில துண்டக் கட்டிக்கிட்டு, தராசு பக்கத்துல இருந்த லேப்டாப்ப எடுத்துக்கிட்டு என் ரூமுக்குப் போனேன். மோடத்துல பச்ச வெளக்கு அழகா எரியுது. நெத்தியில சந்தனம், நடுவுல குங்குமம், மேல ஒரு சாமந்திப்பூ. புதுப் பொண்ணாட்டம் இருந்துச்சி. "வாடா ராசா, இன்னிக்கி நம்ம நாளு"ன்னு அத தட்டிக் குடுத்துட்டு லேப்டாப்பத் தொறந்தேன்.

சர்வருக்குள்ள போறதுக்கு எழுத வேண்டியத எழுதித் தட்டுனேன். கர்சரு கண்ணச் சிமிட்டுது, சிமிட்டுது, சிமிட்டிக்கிட்டே இருக்குது. கடைசியில, நேரம் முடிஞ்சி போச்சின்னு ஒரு வரி வந்துச்சி. திரும்பத் தட்டுனேன். அதே வரி. பாஸ்வேர்டு தப்புன்னா உடனே மூஞ்சில அடிச்ச மாதிரி தப்புன்னு சொல்லிடும். இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. எஸ்டேட்டு கேட்டுல ஒரு வாச்மேன் இருக்காரு, தெரியாத வண்டி வந்து ஹாரன் அடிச்சா முடியாதுன்னு சொல்ல மாட்டாரு, திரும்பிக் கூட பாக்க மாட்டாரு, அவரு பாட்டுக்கு டீ குடிப்பாரு. அந்த மாதிரி இருந்துச்சி.

"ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

என் வூட்டுக்காரரு சூளைக்கி அடுக்கிக்கிட்டு இருந்த கையோட வந்தாரு. அவருக்கு என் வேலையில ஆனா ஆவன்னா தெரியாது, ஆனா பக்கத்துல நின்னா எனக்கு ஒரு தெம்பு. "ஒயரு கியரு போயிருக்குமா? கம்மாபுரம் ரோட்டுல பள்ளம் தோண்டுறாங்களே"ன்னாரு. நெட்டு வருதே, வேற எல்லாப் பக்கமும் தொறக்குதேன்னு காட்டுனேன். "குங்குமம் ஓட்டைக்குள்ள போயிருச்சோ?"ன்னு மோடத்த மோந்து பாத்தாரு. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சி.

"உங்க போன் நெட்டக் குடுங்க, அதுல பாப்போம்"னேன். குடுத்தாரு. அதுலயும் அதே வரி. அப்பாடான்னு இருந்துச்சி எனக்கு. வூட்டு நெட்டுலயும் வரல, போன் நெட்டுலயும் வரல, அப்ப கோளாறு நம்ம பக்கம் இல்ல, சர்வரு தான் படுத்துடுச்சி! நல்லா நெஞ்ச நிமித்திக்கிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், சர்வர் டவுனுங்க"ன்னேன்.

"டவுனா? இப்பதானே என் போன்ல நம்ம சைட்ட பாத்தேன். நல்லா ஓடுதே"ன்னாங்க மேடம். ஒடனே அவங்க கொரலு மாறுச்சி. "உன்னால உள்ள வர முடியலையா?"

அந்தக் கேள்வி மட்டும் என் காதுல விழக் கூடாதுன்னு ஆடி மாசத்துல இருந்து வேண்டிக்கிட்டு இருந்தேன். "அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்"னு வச்சிட்டேன். என் வூட்டுக்காரரு அலமாரி மேல இருந்த என் ரயில் பேக்க ஒரு பார்வ பாத்தாரு. நானும் பாத்தேன். அந்தப் பார்வையில எனக்கு ரோஷம் வந்துடுச்சி. அட ச்சீ, ஒரு சர்வரு, ஒரு மோடம், இதுங்க ரெண்டும் சேந்து என் குடும்பத்த பிரிக்கிறதா? விடுவேனா நான்!

துண்ட அவுத்துப் போட்டு, கூந்தல முடிஞ்சிக்கிட்டு மொதல்ல இருந்து யோசிச்சேன். சர்வரு ஓடுது. ஊரு உலகமெல்லாம் சைட்ட பாக்குது. உள்ள வேல பாக்குறவ வர்ற வாசல்ல மட்டும் காவல்காரன் திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். போன் நெட்டுலயும் அதேதான்... போன் நெட்டுலயா? மண்டையில ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கிட்டேன். போன் நெட்டு எப்படி வரும்? விதியில எழுதியிருக்கிறது எங்க வூட்டு மோடம் நம்பரு மட்டும்தானே. போன்ல அது என்னிக்குமே வராது! நல்லாருக்குற நாள்லயே தொறக்காத கதவ ஆட்டிப் பாத்துட்டு, நான் பாட்டுக்கு சர்வரு மேல பழியப் போட்டிருக்கேன்.

அப்ப வூட்டு மோடம் நம்பரு என்னன்னு பாத்தேன். நம்ம நம்பரு என்னன்னு காட்டுற பக்கம் இருக்குது, அதுல வந்துச்சி. ஆடி மாசம் மேடத்துக்கு அனுப்புன மெசேஜைத் தேடி எடுத்துப் பக்கத்துல வச்சிப் பாத்தேன். மொத பாதி அதே மாதிரி. பின் பாதி வேற! அடப் பாவி, எங்க மோடம் பேர மாத்திக்கிட்டு ஒக்காந்திருக்குது. அதான் வாசல்ல யாருக்கும் அடையாளம் தெரியல.

மோடத்த அணைச்சி ரொம்ப நேரம் கழிச்சிப் போட்டா, நெட்டுக்காரங்க பழைய நம்பர வேற யாருக்காவது குடுத்துட்டு நமக்குப் புதுசா ஒண்ணு குடுத்துடுவாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா எங்க மோடம் அணைஞ்சதே கெடையாதே. கரண்டு போனாக் கூட இன்வெர்ட்டர்ல ஓடுமே. மோடத்தப் பாத்தேன். நெத்தியில பொட்டோட அது என்னப் பாத்துச்சி.

"அத்தை!"ன்னு மாடிப்படியில நின்னு கூப்புட்டேன். "நேத்து மோடத்த யாரு ஆஃப் பண்ணது?"

அத்தை பொரித் தட்டோட கீழ இருந்து அண்ணாந்து பாத்தாங்க. மொகத்துல அப்படி ஒரு பெருமை. "நான்தான். பின்ன, ஓன் தொழில் சாமானுக்கு நான் பூசை போடாம யாரு போடுவாங்க? மில்லு தூங்குது, சூளை தூங்குது, அது மட்டும் ராத்திரி பூரா கண்ண முழிச்சிக்கிட்டுக் கெடக்கணுமா? படைச்ச ஒடனே அணைச்சிட்டேன். காலையில நீ குளிக்கிறப்ப நானே மறுபூசை போட்டு சுச்சு போட்டேன். ஏம்மா, நல்லா ஓடலையா?"

கோவப்படணும்னு வாயத் தொறந்தேன், சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சி. படியிலயே ஒக்காந்துட்டேன். விஷயத்தச் சொன்னேன். பதினோரு மணிக்குள்ள மேடம் அந்த விதியில நம்பர மாத்தலன்னா, நான் மெட்ராசுக்குப் போயிடணும்னும் சொன்னேன். அந்தக் கண்டிஷன அதுவரைக்கும் அத்தைகிட்ட சொன்னதில்ல. அவங்க மொகத்துல இருந்த பெருமையெல்லாம் எறங்கிடுச்சி. பொரித் தட்ட படியில வச்சிட்டு, "மொதல்ல அந்தம்மாவுக்குப் போனப் போடு"ன்னாங்க.

போட்டேன். "மேடம், கண்டுபுடிச்சிட்டேன். எங்க வூட்டு நம்பரு மாறிடுச்சி. நீங்க லேப்டாப்பத் தொறந்து ஃபயர்வால்ல ஒரு விதிய மாத்துனா போதும், ரெண்டு நிமிஷ வேல"ன்னேன். மேடம், ஆபீசையே நடுங்க வைக்கிற அந்த மேடம், குசுகுசுன்னு சொன்னாங்க.

"லேப்டாப்பு கொலுவுல இருக்கும்மா. நேத்து சரஸ்வதி பூஜைக்கு புஸ்தகத்தோட சேத்து வச்சது. அம்மா எடுக்க விட மாட்டேங்கிறாங்க. செவ்வாக்கெழமை ஒம்பதுல இருந்து பத்தர எமகண்டமாம். அது முடிஞ்சிதான் புனர் பூஜையாம்."

மணியப் பாத்தேன். ஒம்பது தாண்டி முள்ளு நகந்துக்கிட்டு இருந்துச்சி. பத்தரைக்கு மேல எடுத்து, கதவத் தொறந்து, பதினோரு மணிக்குள்ள நான் எதத்தான் ஏத்துறது? "மேடம், அம்மாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்"னேன்.

"எங்கம்மாகிட்டயா? நானா?"ன்னாங்க. அந்த ரெண்டு வார்த்தையிலயே எல்லாம் புரிஞ்சிடுச்சி. ஊர்ல எல்லாருக்கும் மேல ஒரு மேடம் இருக்காங்க.

எல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு நின்ன அத்தை என் கையில இருந்து போன வாங்கிக்கிட்டாங்க. "அம்மா, நான் விருத்தாசலத்துல இருந்து இந்தப் புள்ளையோட மாமியாரு பேசுறேன். ஒங்க அம்மாகிட்ட கொஞ்சம் குடுங்கம்மா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. வேணாம்னு கையாட்டுனேன். அவங்க என்னைய பாக்கவே இல்ல.

மேடத்தோட அம்மா வந்தாங்க. கொரலு கணீர்னு இருந்துச்சி. பூஜைன்னா பூஜை, எமகண்டம்னா எமகண்டம், கம்பெனிக்காக சாஸ்திரத்த மாத்த முடியாதுன்னாங்க.

"மாத்தவே கூடாதும்மா, நானும் அப்படித்தான்"ன்னாங்க அத்தை. "மொதல்ல கொலு எப்படி இருக்குது, சொல்லுங்க." கொலுவப் பத்தி பேச்சு ஓடுச்சி. எத்தினி படி, என்னென்ன பொம்மை, இந்த வருஷம் புதுசா என்ன வாங்குனீங்க... நான் மணியப் பாத்து நகத்தக் கடிக்கிறேன், இவங்க தசாவதார செட்டு பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க. என் வூட்டுக்காரரு என் தோளப் புடிச்சி அமுக்குனாரு, பேசாம இருன்னு.

அப்புறம் அத்தை கொரலு தணிஞ்சி போச்சி. "அம்மா, ஒங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்குது. தப்பு என்னோடது. இவ சாமானுக்கு நான்தான் பூசை போடுறேன்னு அணைச்சி வச்சிட்டேன். இவ கல்யாணம் ஆனதுல இருந்து வாரா வாரம் ரயில்ல வந்து போயிக்கிட்டு இருந்தவ. ஞாயித்துக்கெழமை ராத்திரி இவள ஏத்திவுட்டுட்டு என் மவன் வூட்டுக்கு வருவான், சாப்புட மாட்டான், எரியாத சூளை முன்னால போய் ஒக்காந்துக்குவான். இப்பதாம்மா எங்க வூடு வூடா இருக்குது. என்னால இவ திரும்ப ரயில் ஏறக் கூடாதும்மா."

என் வூட்டுக்காரரு சட்டுனு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சூளை விஷயம் எனக்கு அன்னிக்கித்தான் தெரியும். எனக்குக் கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சி.

அந்தப் பக்கம் அந்தம்மா செருமுனாங்க. "நேக்குப் புரியறது. ஆனா எமகண்டத்துல எப்படி..."

"எமகண்டத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கத்தாம்மா கூடாது"ன்னாங்க அத்தை. இப்ப அவங்க கொரல்ல மண்ணு லாரிக்காரன்கிட்ட பேசுற தெம்பு வந்துடுச்சி. "காலையில வெளக்கேத்துனீங்கல்ல? அப்ப புஸ்தகத்த, சாமான கொஞ்சமாச்சும் நகத்துனீங்களா?"

"நகத்தினேனே. வெளக்கு பக்கத்துல இருந்ததுன்னு இவ கம்ப்யூட்டர வடக்கால தள்ளி வச்சேன்."

"வெளக்கேத்தி, கும்புட்டு, வடக்கால நகத்தி வச்சாச்சா? அப்ப முடிஞ்சிடுச்சிம்மா! ஒங்க புனர் பூசையும் எங்க மறுபூசையும் அதான? நாங்க மில்லையெல்லாம் நகத்த முடியாதுன்னு மேல இருக்குற பூவத்தான் வடக்கால நகத்துறோம். நீங்க நல்ல நேரத்துலயே முடிச்சிட்டீங்க, ஒங்களுக்கே தெரியல!"

கீழ சூளைப் பக்கம் இருந்தவங்க கூட வேலய விட்டுட்டு மேல பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் போன்ல அந்தம்மா தன் மகள கூப்புட்டுச் சொன்னது கேட்டுச்சி. "இந்தாடி, எடுத்துக்கோ. காலம்பறயே முடிஞ்சாச்சாம். தொட்டு நமஸ்காரம் பண்ணிட்டு எடு."

எங்க வூட்டுல எழும்புன சத்தம் எஸ்டேட்டுக்கே கேட்டிருக்கும்.

மேடம் லேப்டாப்பத் தொறந்தாங்க. "மூடி பூரா குங்குமம்மா"ன்னு சிரிச்சாங்க. நான் ஒவ்வொரு நம்பரா நிறுத்தி நிதானமாப் படிச்சேன், அவங்க திருப்பிப் படிச்சாங்க. பழச எடுத்துட்டுப் புதுசப் போட்டாங்க. "ம், இப்ப தட்டு"ன்னாங்க. அத்தை, வூட்டுக்காரரு, ரெண்டு பேரும் என் நாற்காலிக்குப் பின்னால. தட்டுனேன். ஒரு மூச்சு விடுறதுக்குள்ள கதவு தொறந்துச்சி. "உள்ள வந்துட்டேன் மேடம்!"னு கத்துனேன். அத்தை மோடத்தப் பாத்து ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க.

அப்புறம் நான் பண்ண வேலைய நெனச்சா எனக்கே ஆச்சரியமா இருக்குது. ஈரத் தல காயவே இல்ல, விரலு பறந்துச்சி. அத்தை கீழ போய் மில்லு ஓடாம காவலுக்கு நின்னுக்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து ஒக்காந்தப்ப எல்லாம் தயாரா இருந்துச்சி. அவங்க பாத்தாங்க, கேட்டாங்க, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. இங்க நடந்த கூத்து அவங்களுக்கு என்ன தெரியும்?

எல்லாரும் போனதுக்கப்புறம் மேடம் தனியாக் கூப்புட்டாங்க. நான் நிமிந்து ஒக்காந்தேன். "காரணம் என்னன்னு ரிப்போர்ட் எழுதணுமே. என்னன்னு எழுதறது?"ன்னாங்க.

"ஆயுத பூசைன்னு எழுதட்டுங்களா மேடம்?"

"எழுது. என் பக்கத்துக் காரணம் சரஸ்வதி பூஜைன்னு நானும் எழுதறேன்"ன்னாங்க. அப்புறம் பழைய கறாரு கொரலு வந்துடுச்சி. "ஆனா நம்ம கண்டிஷன் ஞாபகம் இருக்கில்ல? ஒரு தடவ உள்ள வர முடியலன்னா..."

"இருக்குதுங்க மேடம்."

"அத எங்கம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பொண்ண இனிமே ரயில் ஏத்தினா, அடுத்த வருஷம் லேப்டாப்ப கொலுவ விட்டே எறக்க மாட்டேன்னுட்டாங்க. நான் என்னம்மா பண்றது? தீபாவளிக் கணக்கெல்லாம் விடு. அங்கயே இரு. நெட்டுக்காரங்ககிட்ட சொல்லி மாறாத நம்பரா ஒண்ணு வாங்கி வை. உங்க அத்தைய மோடம் பக்கம் விடாத."

கதவுக்குப் பின்னால நின்ன அத்தை சும்மா இருக்கல. "வருஷத்துல ஒரு நாளு அதுக்கும் லீவு வேணாமா?"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. மேடம் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

அந்த வாரம் ஞாயித்துக்கெழமை மத்தியானம் அத்தை என் ரயில் பேக்க அலமாரி மேல இருந்து எறக்குனாங்க. பழக்க தோஷத்துல நான் ரயிலுக்கு நேரமாச்சோன்னு மணியப் பாத்தேன். ஆனா அவங்க புளிசாதம் வைக்கல. அடியில வைக்கோலப் பரப்பி, அகல் வெளக்கா பாத்துப் பாத்து அடுக்கி, நடுவுல நல்லா வெந்த சரஸ்வதி பொம்மை ஒண்ண துணி சுத்தி வச்சாங்க. எல்லாம் மேடத்தோட அம்மாவுக்கு. கடைக்காரங்களுக்கு வெளக்கு சாம்பிளு காட்ட என் வூட்டுக்காரரு மெட்ராசுக்குப் போக வேண்டியிருந்துச்சி, அவரே கொண்டு போறதா ஏற்பாடு.

ராத்திரி ஸ்டேஷனுக்கு நான் என் ஸ்கூட்டியில அவரப் பின்னால ஒக்கார வச்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன். பேக்கு எனக்கு முன்னால. அவரு ஏறி ஜன்னல் பக்கம் ஒக்காந்தாரு. நான் கீழ நின்னு கம்பியப் புடிச்சிக்கிட்டேன். எத்தனையோ ஞாயித்துக்கெழமை இந்தக் கம்பிக்கு உள்பக்கம் நான் ஒக்காந்திருக்கேன். வெளிப்பக்கம் நின்னா எப்படி இருக்கும்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிது.

"தண்ணி வாங்கியாரட்டா?"ன்னு கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. "போயிட்டு வரேன்"ன்னாரு. ரயிலு நகந்துச்சி.

வூட்டுக்கு வந்து வண்டிய நிறுத்துனப்ப அத்தை சோத்தப் போட்டு மூடி வச்சிட்டு முழிச்சிக்கிட்டு இருந்தாங்க. "ஏத்திவுட்டுட்டியா?"ன்னு கேட்டாங்க.

"ஏத்திவுட்டுட்டேன் அத்தை."

"காலையில ஒனக்கு வேல இருக்குதா?"

"இருக்குது."

"எங்க?"ன்னாங்க, தெரிஞ்சிக்கிட்டே.

"இங்கதான் அத்தை"ன்னு சொல்லிட்டு, தட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு அவங்க பக்கத்துல ஒக்காந்தேன்.